ஆவாரைக்குக் கட்டிய மஞ்சள் துணி

ஜனவரி 3, சனி

பனி. திண்டுக்கல் ரோட்டில் முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு மட்டும்தான் தெரிந்தது. ஸ்கூட்டி வழியில் இரண்டு தடவை நின்றது. சமயநல்லூர் தாண்டி மண் சாலையில் இறங்குவதற்குள் விரல் விறைத்துவிட்டது.

புது டைரி. கல்லூரியில் இந்த வருஷம் டைரி கிடையாதாம், சிக்கனம். இது சோலைமலை கொடுத்தது. பூச்சிமருந்துக் கடையில் அவருக்குக் கொடுத்ததை என் தலையில் கட்டிவிட்டார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பூச்சி மல்லாந்து கிடக்கிற படம். இதில்தான் வண்டுகளைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

ஓடைக்கரை வரிசை: சோலைமலையின் மல்லிகைத் தோட்டத்துக்கும் ஓடைக்கும் நடுவில், யாரும் நடாமல் தானாக முளைத்த ஆவாரை. கண்மாய் வரிசை: எதிர்ப்பக்கம் தரிசில், மருந்து வாடை படாத ஆவாரை. இரண்டிலும் ஒரே மாதிரி மஞ்சள் பூ. கண்மாய்ப் பக்கம் காய் சரம் சரமாகத் தொங்குகிறது. ஓடைக்கரையில் பூ, பூ, பூ. காய்க்குத் தேட வேண்டும். நாற்பத்தாறு வயதில் வாங்கப்போகும் என் முனைவர் பட்டம் இந்தக் காய்களில்தான் தொங்குகிறது.

இன்றைய வேலை:
– கொசுவலைத் துணியில் தைத்த பைகளை மொட்டுகளுக்கு மாட்டியது. (பை போட்டால் வண்டு அண்டாது. பை போட்ட பூ காய்ப்பதே இல்லை.)
– பழைய பைகளில் நாலைந்தை ஆடு தின்றிருக்கிறது. ஆட்டுக்காரரைத் திட்டியது.
– இசைக்கவை.

இயற்பியல் ஆய்வகத்தில் இரவல் வாங்கிய இசைக்கவை, தட்டினால் ரீங்கரிக்கும் இரும்புக் கவை. திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். தரமாட்டேன். ஆவாரையின் மகரந்தப் பை மற்றப் பூக்களைப் போல வெடிக்காது. நுனியில் ஊசி குத்திய மாதிரி ஓட்டை, அவ்வளவுதான். கருவண்டு வந்து கட்டிப் பிடித்து ரீங்காரம் போட்டால்தான் தூள் வெளியே சீறும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. வண்டு வராத இடத்தில் வண்டு வேலை என்னுடையது. கவையைச் செருப்படியில் தட்டிப் பூவில் தொட்டால் தூள் தட்டில் கொட்டும். அதைத் தூரிகையில் எடுத்து வேறு செடியின் பூவில் வைக்க வேண்டும். அதே செடியின் தூளை வைத்தால் பிஞ்சு விடும், பிறகு உதிர்ந்துவிடும்.

நான் தூள் வைத்த ஓடைக்கரைப் பூக்கள் கண்மாய்ப் பூக்களைப் போலவே காய்க்கின்றன. ஆக மண்ணில் குறை இல்லை, தண்ணீரில் குறை இல்லை. வண்டு இல்லை.

வண்டு ஏன் இல்லை என்பதற்குப் பதில் முதுகில் பவர் ஸ்பிரேயரோடு வரப்பில் வந்தது. சோலைமலை. தலையில் துண்டு, வாயில் வெற்றிலை.

"டீச்சரம்மா, காத்து ஒங்க பக்கம் அடிக்குது. மூக்கப் பொத்திக்கங்க."

"முந்தாநாள்தானே அடிச்சீங்க அண்ணே?"

"பொங்கலுக்கு நாலு பூ பறிக்க வேணாமா. மொட்டுப்புழு என்னா உங்க காலேசுல லீவு கேட்டுட்டா வருது?"

பறிக்கிற பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு தடவை தலைக்குக் குளித்தும் வாடை போகவில்லை.


ஜனவரி 4, ஞாயிறு

சபைக்குப் போனேன். பொறுமையைப் பற்றிப் பிரசங்கம். யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

மத்தியானம் கைடு போன் செய்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டால் கெட்ட செய்தி. கேட்டார்.

"எஸ்தர், இதுதான் கடைசி நீட்டிப்பு. மார்ச்ல டேட்டா வந்தாகணும். போன வருஷம் மாதிரி கதை சொன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

போன வருஷம் சொன்னது கதையா? போகியன்று ஊரே அரிவாளோடு வந்து ஓடைக்கரையைச் சிரைத்துவிட்டுப் போனது. வீட்டு வாசலிலும் தோட்டத்து மூலையிலும் காப்புக் கட்ட ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை. பூவோடு கொப்பாக வெட்டினால்தான் கட்ட வசதியாம். என் அடையாள அட்டைகள் சிலவும் கொப்போடு சேர்ந்து வீடுகளின் வாசலில் தொங்கின. முன்கூட்டியே வீடு வீடாகப் போய்க் கேட்டிருந்தேன். எல்லாரும் "சரிங்க டீச்சர்" என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு வெட்டினார்கள். இந்த வருஷம் யாரையும் கேட்கப்போவதில்லை.

ஜெபராஜ் (இருபது வருஷமாகக் கணவர், முப்பது வருஷமாகப் பள்ளிக்கூட ஆபீஸ் கிளார்க்): "பட்டம் வாங்கி இனிமே என்ன செய்யப்போற? ஓய்வு எடேன்." சாதம் போட்டுக்கொண்டிருந்தேன். ரசத்தை அவர் தட்டுக்குப் பக்கத்தில் ஊற்றினேன்.


ஜனவரி 7, புதன்

வெயில் சுள்ளென்று. ஜனவரிக்கு இது அநியாயம்.

காலையில் ஓடைக்கரையில் உட்கார்ந்து பார்த்தது: எறும்பு. மஞ்சள் பட்டாம்பூச்சி, அதுவும் முட்டையிட வந்தது, பூவுக்கு வரவில்லை. தேனீ ஒன்று வந்து சிந்திக் கிடந்த தூளைப் பொறுக்கிக்கொண்டு போனது. கருவண்டு இல்லை. எழுந்து கண்மாய்ப் பக்கம் போனால் காது நிறைய ரீங்காரம். கருவண்டுக்குப் பின்னால் நீலப்பட்டை போட்ட சின்னத் தேனீ வகை ஒன்று, அதற்கும் உலுக்கத் தெரியும். நடுவில் ஓர் ஓடை. காலைத் தூக்கி வைத்தால் தாண்டிவிடலாம். வண்டு தாண்டி வந்தால் செத்துப்போகிறது, அதனால் வருவதில்லை, அல்லது வந்தவை திரும்பவில்லை.

சோலைமலையிடம் இன்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"அண்ணே, வண்டெல்லாம் செத்துப்போச்சுன்னா உங்களுக்கு ஒண்ணும் இல்லையா?"

கொஞ்சம் யோசித்தார். அந்த ஆள் யோசிப்பதுதான் எனக்கு அதிக எரிச்சல்.

"நீங்களே சொல்லுங்க. கத்திரி போட்டவன் கவலப்படணும், பூசணி போட்டவன் கவலப்படணும். என் பூவு விரியறதுக்கு முன்னாடியே மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போயிருது. விரிஞ்சா வெலையில்ல. காய்க்கப்போகுதா, வெதைக்கப்போகுதா? பதியன் வாங்கி ஊனுறேன். எனக்கும் வண்டுக்கும் என்னா சம்மந்தம்?"

அவர் சொன்னது சரி. மல்லிகையை மொட்டிலேயே கிள்ளிவிடுகிறார்கள். பகலில் அந்தத் தோட்டத்தில் விரிந்த பூ ஒன்றைக் காண முடியாது. பூந்தோட்டம் என்று பேர். வண்டுக்கு அதில் ஒரு வேளைச் சோறு கிடையாது. வரப்பில் பிழைக்கிற ஆவாரை, தும்பை, கண்டங்கத்திரிதான் அதற்குச் சோறு. மருந்தும் அங்கேதான் வந்து விழுகிறது.

சரியாகப் பேசுகிறவனைப் பார்த்தால் இன்னும் கோபம் வருகிறது.

மாலை: துணி ஊறப்போட்டது. மாதாந்திரத் தேர்வு விடைத்தாள். "மகரந்தச் சேர்க்கை என்பது காற்றில் கல்யாணம்" என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். பாதி மதிப்பெண்.


ஜனவரி 10, சனி

மறுபடி பனி. ஓடைக்கரையில் பூ தள்ளிக்கொண்டு நிற்கிறது. என் கண்ணே பட்டுவிடும் போல.

பை மாட்டிக் குனிந்திருந்தபோது மல்லிகைக்குள்ளிருந்து பேச்சு. சோலைமலையின் மனைவி பொன்னுத்தாயும் பறிக்கிற பெண்களும். நான் இருப்பது தெரியாது.

"இந்தத் தடவ கொள்ளப் பூவு. போகிக்கு எங்கிட்டும் அலைய வேணாம்."

"அந்த டீச்சரம்மா வையும்க்கா."

"வஞ்சா வையட்டும். செடிய என்னா அவுகளா பெத்தாக?"

"அவுக என்னாதான் செய்றாகளாம்? மணியத் தட்டுறாக, பூவுல தொடுறாக, வாய்க்குள்ளயே முணுமுணுன்னு. பைய வேற கட்டி வைக்கிறாக."

"வேதக்காரவுகள்ல அப்படியெல்லாம் உண்டா?"

"யாரு கண்டா. எனக்குப் பயமாத்தேன் இருக்கு."

முணுமுணுத்தது பூக்களை எண்ணியது. எண்ணினால்கூட மந்திரம்.

ஆனால் திரும்பி வருகிற வழி முழுக்க "பயமாத்தேன் இருக்கு" என்ற அந்த ஒரு சொல் மண்டைக்குள் சுற்றியது. காளவாசலில் சிக்னல் விழுந்தது தெரியாமல் நின்றேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் என் குலத்தையே விசாரித்தார்.


ஜனவரி 12, திங்கள்

விடுப்பு. கல்லூரிக்கு "காய்ச்சல்".

கோரிப்பாளையம் போனேன். காளவாசலில் வாங்கினால் சபை ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்கள். தர்கா பக்கத்துத் துணிக்கடை. மஞ்சள் துணி ஒன்றரை மீட்டர் கேட்டேன். பாய் கிழிக்கப் போனவர் நிமிர்ந்து பார்த்தார். கழுத்தில் சிலுவை போட்டிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"எந்தக் கோயிலுக்கும்மா?"

"செடிக்கு."

"செடிக்கா. சரிம்மா, துவா எல்லாத்துக்கும் கேக்கலாம்." சிரிக்காமல் சொன்னார். அந்த மனிதர் ஒருவரிடம்தான் இந்த வாரம் எனக்குக் கோபம் வரவில்லை.

அப்புறம்: விரலி மஞ்சள், குங்குமம். வேப்பிலை அங்கேயே பறித்துக்கொள்ளலாம். கல் ஓடையில் கிடக்கும்.


ஜனவரி 13, செவ்வாய்

கட்டிவிட்டேன்.

உச்சி வெயிலில் போனேன். பறிக்கிறவர்கள் வீட்டில் இருப்பார்கள், சோலைமலை பூவோடு மாட்டுத்தாவணியில். வரிசைக்கு நடுவில் இருக்கிற பெரிய செடி. துணியைச் சுற்றினேன், மஞ்சளை முடிந்தேன், அடியில் உருண்டைக் கல் ஒன்றை நட்டுக் குங்குமம் வைத்தேன். எல்லாம் கால்மணி நேரத்துக்குள். "என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள்" என்று ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தது வரியாக ஓடியது. இது தேவர் இல்லை, வேலி என்று சொல்லிக்கொண்டேன். கம்பி வேலியை இரண்டு நாளில் பழைய இரும்புக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இதைத் தொடமாட்டார்கள்.

ஜெபராஜ் கையைப் பார்த்து, "என்ன மஞ்சளா இருக்கு?"

"குழம்பு."

"இன்னைக்குக் குழம்பே வைக்கலையே."

குளிக்கப் போனேன்.


ஜனவரி 14, புதன். போகி

புகை மூட்டம். தெருவில் டயர் கொளுத்தியிருக்கிறார்கள்.

போனதும் முதலில் பார்த்தது ஓடைக்கரை. நிற்கிறது. முழு வரிசையும். ஒரு கொப்புக் குறையவில்லை. பெண்கள் அரிவாளோடு வந்திருக்கிறார்கள், துணியைப் பார்த்திருக்கிறார்கள், அப்படியே திரும்பியிருக்கிறார்கள். ஈர மண்ணில் வந்த கால்தடமும் திரும்பிய கால்தடமும் தெரிந்தது. கண்மாய்ப் பக்கம் போய் வெட்டியிருக்கிறார்கள். அங்கே ஆவாரை காடாகக் கிடக்கிறது, என் செடிகளில் கொஞ்சம்தான் போயிருக்கிறது. தாங்கும்.

ஸ்கூட்டியில் பாடிக்கொண்டே வந்தேன். ஊரை ஜெயித்துவிட்டேன். இப்படி ஒரு கெட்ட சந்தோஷம் ரொம்ப நாளாக இல்லை.


ஜனவரி 16, வெள்ளி. மாட்டுப் பொங்கல்

ரோடெல்லாம் ஜல்லிக்கட்டுக் கூட்டம். வண்டி நகரவில்லை.

செடிக்கு முன்னால் வாழையிலை. பொங்கல், கரும்புத் துண்டு, உடைத்த தேங்காய். கற்பூரம் கொளுத்தி அடிக்கொப்பில் இரண்டு கருகிக் கிடக்கிறது. இரண்டும் அடையாள அட்டை போட்ட கொப்புகள்.

பொன்னுத்தாய் குடத்தோடு வந்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். மூன்று வருஷத்தில் இந்தச் செடிக்கு யாரும் ஒரு சொட்டு ஊற்றியதில்லை.

"டீச்சரம்மா, பாத்தீகளா, ஆத்தா எறங்கிருச்சு. செருப்ப அங்கிட்டு விட்டுட்டு வாங்க."

விட்டேன்.

"யாரு கட்டினதாம்?"

"யாரு கட்டினா என்ன. கல்லு தானா மொளச்சிருக்கு. நான் எங்க வீட்டுக்காரர்ட்டச் சொல்லிப்புட்டேன், இனிமே இந்தப் பக்கம் மருந்து அடிக்கப்படாதுன்னு. ஆத்தா மூஞ்சியிலயா மருந்தடிக்கிறது? பறிக்கிற பொம்பளைகளும் சொல்லிருச்சுக. அடிச்சா நாங்க வரமாட்டோம்னு."

முதலில் குதிக்கத் தோன்றியது. வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் உறைத்தது. மருந்து அடிக்கிற வரப்புக்கும் அடிக்காத வரப்புக்கும் வித்தியாசம் என்பதுதானே என் ஆய்வு. அடிக்கிற வரப்பு இனி இல்லை. நானே இல்லாமல் ஆக்கிவிட்டேன்.


ஜனவரி 18, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. கைடுக்குப் போன் செய்தேன். ஆத்தாவை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன்: "விவசாயி மருந்தை நிறுத்திவிட்டார் சார்."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"நல்லதுதானே எஸ்தர். அடிச்சப்ப வண்டும் இல்ல, காயும் இல்ல. நிறுத்தினதுக்கப்புறம் அதே செடி, அதே மண். வண்டு திரும்புதா, காய் பிடிக்குதா? இதைவிட என்ன வேணும்? காய் முத்துற வரைக்கும் மட்டும் பாத்துக்கங்க."

அந்த மனிதரைப் பத்து வருஷமாகத் தப்பாக எடை போட்டுவிட்டேனோ. இருக்காது. ஆனாலும் இன்று நல்லவர்.


ஜனவரி 24, சனி

வந்துவிட்டது.

முதலில் சத்தம்தான். மல்லிகைத் தோட்டத்து மோட்டார் என்று நினைத்தேன். பெரிய செடியின் உச்சியில் ஒரு கருவண்டு. பூவைக் கட்டிக்கொண்டு உடம்பைச் சுருட்டி ஒரு உலுக்கு. ரீங்காரம் சட்டென்று குரல் மாறி ஏறுகிறது, தூள் அதன் வயிற்றில் போய் அப்புகிறது. அங்கிருந்து அடுத்த செடி, அதிலிருந்து அடுத்தது. வரிசையை அளந்துகொண்டே போனது. இசைக்கவை பையிலேயே கிடந்தது. வேலை இல்லை எனக்கு.

அழுதேன். அதை இங்கே எழுதிவைக்கிறேன், வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை. பூச்சி மல்லாந்து கிடக்கிற பக்கத்தில் எழுதுகிறேன், அது இன்னும் திருப்தி.

தேன் வாங்க வேண்டும். காஸ் புக் செய்ய வேண்டும்.


ஜனவரி 31, சனி

பிஞ்சு. ஓடைக்கரை வரிசை முழுக்க. பச்சையாக, சப்பையாக, விரல் நீளம். பை போடாத, நான் தொடாத பூக்களில். காய் முற்ற இன்னும் ஒரு மாதம்.

எண்ணி முடித்துத் தண்ணீர் குடிக்கும்போது சோலைமலை பக்கத்தில் வந்து குந்தினார். ஸ்பிரேயர் இல்லை. வெற்றிலையை ஓடைக்குள் துப்பினார், கவனமாக, செடிக்கு எதிர்ப்பக்கமாக.

"டீச்சரம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கப்படாது. அந்த முடிச்சு எனக்குத் தெரியும்."

"எந்த முடிச்சு?"

"மஞ்சத்துணி முடிச்சு. எங்க பொம்பளைக அப்படிப் போட மாட்டாக. ரெண்டு சுத்துச் சுத்தி, நுனிய உள்ள விட்டு இழுத்து. பை கட்டுற முடிச்சு. மூணு வருசமா அதத்தேன பாத்துக்கிட்டு இருக்கேன்."

ஊரைக் கூட்டுவார், கல்லூரிக்குப் புகார் போகும், சபைக்கும் போகும். எல்லாம் ஒரு நொடியில் பார்த்துவிட்டேன்.

"அப்பறம் ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"நான் எதுக்குச் சொல்றேன். நல்ல காரியம் பண்ணிருக்கீக." அவர் ஓடைக்கரையை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பார்த்தார். "இது பொறம்போக்கு. இதத் தோட்டத்தோட சேத்துப் போட எங்கப்பன் காலத்துல இருந்து பாக்குறோம். நான் கை வச்சா நாலு பேரு கேப்பாக, தாலுகாபீசுல இருந்து ஆளு வரும். ஆத்தா கை வச்சா எவன் கேப்பான்?"

எழுந்து வேட்டியைத் தட்டினார். "டயத்துக்குச் சாப்பிடுங்க டீச்சரம்மா. எளச்சுப் போயிட்டீக."

மனிதர் நடந்து போகிற முதுகைப் பார்த்தேன். கல்லை எடுத்து எறியலாம் போல இருந்தது. எறிவதற்கு அங்கே இருந்தது குங்குமம் வைத்த கல் ஒன்றுதான்.


பிப்ரவரி 1, ஞாயிறு

ஜேசிபி.

தூக்கம் பிடிக்காமல் சபைக்குப் போவதற்கு முன்னால் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். சபைச் சேலையோடு. முடிந்துவிட்டிருந்தது. பெரிய செடி மட்டும் நடுவில் நிற்கிறது, சுற்றிலும் வழித்துத் துடைத்த மாதிரி வெறும் சிவப்பு மண். ஆவாரை, தும்பை, கண்டங்கத்திரி, என் அட்டை, என் பை, என் பிஞ்சு, எல்லாம் ஒரே குவியலாக ஓடைக்குள்.

"ஆத்தா எடம் சுத்தபத்தமா இருக்க வேணாமா. முள்ளும் பொதருமா கெடந்தா பாம்பு வரும்," என்றார் சோலைமலை. பக்கத்தில் செங்கல் இறங்கிக்கொண்டிருந்தது.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதும் ஞாபகம் இல்லை. பெண்கள் கூடிவிட்டார்கள். கடைசியில் பொன்னுத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

"அம்மா, கேளுங்க. அது சாமி இல்லை. துணி கட்டினது நான்தான். கோரிப்பாளையத்துல வாங்கினேன். கல்லை ஓடையில எடுத்து நட்டதும் நான்தான். நீங்க கொப்பு வெட்டக் கூடாதுன்னு செஞ்சேன்."

சனியன் பிடித்தது இதோடு ஒழிந்தது என்று நினைத்தேன். அந்தம்மா என் கையை உதறவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தெரியும்த்தா. இவரு நேத்து ராத்திரி சொன்னாரு. நீங்களா கட்டினீக? ஆத்தா ஒங்க கையால கட்டிக்கிருச்சு. சாமி கும்பிடாத வேதக்காரப் பொம்பளையவே மஞ்ச வாங்கியார வச்சிருச்சுன்னா, அவ எம்புட்டுச் சக்தியா இருக்கணும்?"

பின்னால் நின்ற பெண்களில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சபைக்குப் போகவில்லை. ஓடைக்குள் இறங்கிக் குவியலில் பிஞ்சுக் கொப்புகளைத் தேடினேன். சேலை பாழ். வாடிவிட்டது எல்லாம், விதை பிடிக்காது. ஜெபராஜ் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தார்.


பிப்ரவரி 4, புதன்

கைடிடம் சொன்னேன். "அந்த ஒரு செடி இருக்குல்ல?" என்றார். இருக்கிறது. "ஒரு செடியில விதை எடுத்தா முளைப்புத் திறனாவது பாக்கலாம். ஒரு அத்தியாயம் தேறும். அதாவது இருக்கட்டும்."

ஒரு செடி. ஒன்றுமில்லாததற்கு ஒன்று.


பிப்ரவரி 8, ஞாயிறு

புழுக்கம். பிப்ரவரிக்கு இதுவும் அநியாயம்.

மேடை கட்டிவிட்டார்கள். செடியைச் சுற்றி டைல்ஸ், நாலு பக்கம் கம்பி, ஒரு மணி, தகரக் கூரை போட அளவு எடுத்திருக்கிறார்கள். தலையில் மல்லிகைச் சரம். இந்தத் தோட்டத்து மல்லிகை விரிந்து நான் பார்த்தது இன்றுதான், ஆத்தா தலையில். மேடைக்கு அந்தப் பக்கம் மிச்ச ஓடைக்கரையில் புதுசாக மல்லிகைப் பதியன் ஊன்றியிருக்கிறார். மேடைக்குப் பத்தடி தள்ளி ஸ்பிரேயர் ஓடிக்கொண்டிருந்தது. "ஆத்தா மேல படல டீச்சரம்மா, காத்தப் பாத்துத்தேன் அடிக்கிறேன்."

கருவண்டு வந்தது. ஒன்றே ஒன்று. இந்தப் பூவிலிருந்து அந்தப் பூவுக்கு, அதிலிருந்து இதற்கு, ஒரே செடிக்குள் சுற்றிவிட்டுப் போய்விட்டது. அடுத்த செடி என்று ஒன்று இல்லை. ஜேசிபி வந்த பிறகு பூத்தவற்றில் பிடித்த பிஞ்செல்லாம் உதிரத் தொடங்கிவிட்டது, டைல்ஸ் மேல் பச்சைப் பச்சையாகக் கிடக்கிறது. காலையில் கூட்டித் தள்ளுகிறார்களாம்.

கண்மாய்ப் பக்கம் போனேன். வெட்டாமல் மிச்சம் நின்ற செடிகளிலிருந்து தூள் எடுத்துத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தேன். செருப்பைக் கீழே விட்டேன். மேடையில் ஏறினேன். கவையைத் தட்ட இடமில்லாமல் முழங்கையில் தட்டி, ஒவ்வொரு பூவாகத் தொட்டு, அதன் தூளை உதறித் தள்ளிவிட்டுக் கண்மாய்த் தூளை வைத்தேன். எந்தப் பூ முடிந்தது என்பதற்கு வாய்க்குள் எண்ணிக்கொண்டே.

திரும்பினால் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். கை கூப்பி. நான் முடிக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். முன்னால் நின்றவளின் இடுப்பில் காய்ச்சல்காரக் குழந்தை. என் விரலில் ஒட்டியிருந்த மஞ்சள் தூளைப் பார்த்துக் குழந்தையின் நெற்றியை நீட்டினாள்.

"வேணாம். இது மகரந்தம்."

"அதத்தேன் வைங்கம்மா."

குழந்தை என்னையே பார்த்தது. வைத்தேன்.

சோலைமலை ஸ்பிரேயரை நிறுத்திவிட்டுக் கம்பிக்கு வெளியே நின்றார். "டீச்சரம்மா, இனி செவ்வா, வெள்ளி ரெண்டு நாளும் வந்து பண்ணிட்டுப் போயிருங்க. சனம் கேக்குது."

அந்த ஆளின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. மேலே பார்த்தேன். நாளைக்கு விரியப்போகிற மொட்டுகள் கொத்துக் கொத்தாக நிற்கின்றன, தொட ஆளில்லாமல்.

"வாரேன்," என்றேன். "மருந்தை மட்டும் நான் போனதுக்கப்பறம் அடிங்க."